எந்த ஊர்ச் சூரியன்?

மலேசியத் தமிழர் வீடுகளில் தொங்கும் குதிரைக் காலண்டரில் ஆங்கிலத் தேதி, சீனத் தேதி, ஹிஜ்ரி தேதி, தமிழ்த் தேதி எல்லாம் ஒரே கட்டத்துக்குள் இடித்துக்கொண்டு நிற்கும். பந்தய நாளென்றால் குதிரைப் படமும் உண்டு. இத்தனை கணக்கு எதற்கு என்று அலுத்துக்கொள்வோருடன் எனக்கு உடன்பாடில்லை.

ஹிஜ்ரி ஆண்டு சுமார் 354 நாள். சூரியனோடு அதைச் சரிக்கட்டுவதில்லை. அதனால் நோன்புப் பெருநாள் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். 2005 நவம்பர் 1-இல் தீபாவளி, 3-இல் பெருநாள். நாடே ‘தீபராயா’ கொண்டாடியது. சீனர்கள் 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். நமக்கோ மாதம் சூரியனால், திருநாள் நிலவாலும் நட்சத்திரத்தாலும். தைப்பூசம் 2014-இல் ஜனவரி 17, 2017-இல் பிப்ரவரி 9. விடுமுறை திட்டமிடுவோருக்குத் தொல்லைதான். ஆனால் மகா மாரியம்மன் கோயில் வெள்ளி ரதம் இரவில் பத்துமலைக்குப் புறப்படும்போது மேலே ஏறக்குறைய முழுநிலா. காவடி எடுப்பவர் வானத்தைப் பார்த்தே நாளை அறியலாம். வெறும் ஆங்கிலத் தேதியில் அந்த வசதி இல்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. நம் ஆண்டு பருவ ஆண்டைவிடச் சுமார் 20 நிமிடம் நீளம். நட்சத்திரத்தை அளவுகோலாகக் கொண்டதால் வந்த வேறுபாடு அது, தவறில்லை. ஆனால் சூரியன் டிசம்பர் 21, 22-இலேயே வடக்கே திரும்பிவிட, தை முதல் நாளை இன்னமும் உத்தராயணத் தொடக்கம் என்பது பழக்க தோஷம்.

இதைவிடப் பெரியது ராகு காலம். திங்கட்கிழமை 7.30 முதல் 9 என்பது, காலை ஆறுக்குச் சூரியன் உதிப்பதாக வைத்துப் பகலை எட்டாகப் பிரித்த இரண்டாம் பங்கு. கோலாலம்பூரில் ஜனவரி உதயமே ஏழு இருபதைத் தாண்டும். போதாததற்கு, 1982 ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளியது. பல காலண்டர்களில் அட்டவணை மட்டும் அசையவில்லை. ஆக, ஒன்பது மணிக்காகக் காத்திருந்து பிரிக்பீல்ட்ஸில் கடை திறப்பவர், அவர் நம்பும் கணக்குப்படியே ராகு காலத்தில்தான் திறக்கிறார்! நட்சத்திர நேரமும் அப்படியே. தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தில் பூசம் இரவு 10 மணிவரை என்றால், இங்கே அது நள்ளிரவு 12.30, தேதியே மாறிவிடும்.

நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம். நம்புகிறவர்கள், அடுத்த காலண்டரை வாங்குமுன் அது எந்த ஊர் உதயத்துக்குக் கணித்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.