பொன்னாவின் வயிறும் காளியின் வம்சமும்

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) நாவலைக் கருத்துரிமை சார்ந்து நிறையவே பேசிவிட்டோம். நான் அதைக் குழந்தையின்மையின் நாவலாக, ஐவிஎஃப் மையங்களில் காத்திருக்கும் பெண்களை மனதில் வைத்து வாசிக்கிறேன்.

காளிக்கும் பொன்னாவுக்கும் மணமாகி 12 ஆண்டுகளாகியும் குழந்தை இல்லை. காரணம் தேடும் கதைகள் காளியின் வம்சத்துக்குப் போகின்றன: முன்னோர்கள் ஒரு பெண்ணுக்குச் செய்த கொடுமை, அதனால் விழுந்த சாபம். சாபம் ஆண் வழியில் வந்தது. பரிகாரமோ பொன்னாவின் உடம்பில் நடக்கிறது. கசப்பு மருந்தைக் குடிப்பவள் அவள். திருச்செங்கோட்டு மலையில் உயிரைப் பணயம் வைத்து வறடிக்கல்லைச் சுற்றுபவள் அவள். 14ஆம் நாள் திருவிழா இரவுக்கு அனுப்பப்படுபவளும் அவளே. குறை ஆணிடம் இருக்கலாம் என்பதை அந்த இரவு மௌனமாக ஒத்துக்கொள்கிறது. கல்லின் பெயர் மட்டும் பெண்பாலிலேயே நிற்கிறது.

இன்று சாபத்தின் இடத்தில் மரபணு இருக்கிறது. கருவைக் கருப்பையில் வைத்தும் மீண்டும் மீண்டும் தங்கவில்லை என்றால், ‘கர்ப்பப்பை ஏற்கவில்லை’ என்ற பேச்சுதான் முதலில் எழுகிறது. காரணம் கருவுக்குள்ளேயே இருக்கலாம். பல கருக்களில் குரோமோசோம் எண்ணிக்கை தற்செயலாகப் பிசகுகிறது. பெண்ணின் வயது கூடக்கூட இது அதிகமாகிறது. வேறு சிலருக்குப் பிசகு பெற்றோரிடமிருந்தே வருகிறது. 46 குரோமோசோம்களில் இரண்டு தங்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொண்டிருக்கும். எதுவும் கூடவோ குறையவோ இல்லாததால் அந்த ஆள் நலமாகவே இருப்பார். அவருடைய முட்டையிலோ விந்தணுவிலோ துண்டுகள் சரியாகப் பிரியாதபோது கரு தங்காது, அல்லது கலைந்துவிடும். இது கணவனிடமும் இருக்கலாம், மனைவியிடமும் இருக்கலாம். கண்டறிய இருவரின் ரத்தத்திலும் காரியோடைப் சோதனை செய்தால் போதும்.

ஆணின் ஒய் குரோமோசோமில் ஒரு சிறு பகுதி விடுபட்டிருந்தால் விந்தணு மிகக் குறையும், அல்லது இல்லாமலே போகும். ஓரிரு விந்தணு கிடைத்தால் ‘இக்ஸி’ முறையில் அதை முட்டைக்குள் செலுத்துகிறார்கள். அதற்கும் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்பவள், முட்டை எடுக்க மயக்க மருந்தில் படுப்பவள் மனைவிதான். பிறப்பது மகன் என்றால் அந்த விடுபடல் அவனுக்கும் போகும். வம்சம் தழைக்க வேண்டும் என்பவர்களிடம் இதையும் சொல்ல வேண்டும்.

முட்டையே முதிராமல் நின்றுவிடும் பெண்களும் உண்டு. அவர்களில் சிலருக்கு டியூபிபி8 என்ற மரபணுவின் மாற்றமே காரணம் என்று 2016இல் சீன ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பல குடும்பங்களில் அந்த மாற்றம் பெண்ணுக்கு அவள் தந்தையிடமிருந்து வந்திருந்தது. அந்த மரபணு வேலை செய்வது முட்டையில் என்பதால், தந்தைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. ‘தாயைப் போல பிள்ளை’ என்று பெண்ணின் தாயைக் குத்திக்காட்டும் ஊரில், தகப்பன் வழி வந்த குறையும் மகளின் கணக்கில்தான் ஏறும்.

இதனால் பழியை ஆண் பக்கம் தள்ளிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. மரபணுவை யாரும் கேட்டு வாங்கிக்கொண்டு பிறப்பதில்லை. காரணத்தை இரண்டு உடம்பிலும் தேடாமல் சிகிச்சையை ஒரே உடம்பில் திரும்பத் திரும்பச் செய்வதுதான் என் கேள்வி. அடுத்த முயற்சிக்குப் பணம் கட்டச் சொல்வதற்கு முன் இருவர் ரத்தத்தையும் பார்க்கச் சொல்வது பெரிய கோரிக்கையல்ல. காரணம் தெரிந்தால் கருவைச் சோதித்து வைக்கலாம், தானமாகப் பெற்ற விந்தணுவையோ முட்டையையோ யோசிக்கலாம், தத்தெடுக்கலாம், நிறுத்தியும் விடலாம். தெரியாதவரை அவளுக்கு மிஞ்சுவது ‘இன்னொரு தடவை’ மட்டும்தான்.

நாவலில் எனக்கு உறுத்துவதும் இதுவே. காளி சம்மதித்துவிட்டான் என்று அண்ணன் முத்து சொன்ன பொய்யை நம்பித்தான் பொன்னா போகிறாள். அவள் உடம்பைப் பற்றிய முடிவு, அவளுக்கு உண்மை தெரியாமலே எடுக்கப்படுகிறது. நாவலோ காளியின் தவிப்பில் முடிகிறது. பின்னர் வந்த ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ ஆகிய இரு தொடர்ச்சிகளும் காளி இறந்தானா, பிழைத்தானா என்பதில்தான் பிரிகின்றன. உண்மை தெரிந்திருந்தால் பொன்னா என்ன முடிவெடுத்திருப்பாள் என்ற மூன்றாவது நாவல் இன்னும் எழுதப்படவில்லை.