ஆல்ஃப் ராம்சேயின் கால்பந்தை ரசிப்பது எப்படி?

இங்கிலாந்து 1966-இல் வென்ற உலகக் கோப்பையோடு மட்டுமே ஆல்ஃப் ராம்சேயின் பெயர் நினைக்கப்படுவதால், அவர் ஆட்டக்காரராக விளங்கிய காலம் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. ஆனால் ஆட்டக்காரரை அறிந்தவருக்கே பயிற்சியாளரின் நுட்பம் முழுமையாகப் புலப்படும்.

ராம்சே வலப்புற ஃபுல் பேக்காக ஆடினார். அதாவது, களத்தின் ஓரமாகப் பந்தை ஓட்டிவந்து கோல்முகத்துக்கு அனுப்பும் எதிரணி விங்கரை மறிப்பது அவருடைய பணி. ஓட்டத்தில் வேகம் குறைந்த அவர், எங்கே நிற்க வேண்டும் என்ற கணிப்பாலும் துல்லியமான பாஸாலும் அக்குறையை ஈடுசெய்தார். ஆர்தர் ரோவின் பயிற்சியில் 1950-51-இல் லீக் பட்டம் வென்ற டாட்டன்ஹாம் அணியில், கோல்கீப்பர் டெட் டிச்பர்ன் பந்தைத் தொலைதூரம் உதைக்காமல் ராம்சேக்கு எறிந்து கொடுக்க, தாக்குதல் அவருடைய காலிலிருந்தே தொடங்குவதுண்டு.

அவர் இங்கிலாந்துக்காக ஆடிய கடைசி ஆட்டம், 1953 நவம்பரில் வெம்ப்ளியில் ஹங்கேரி 6-3 என வென்ற புகழ்பெற்ற ஆட்டமாகும். ஹங்கேரியின் நடு முன்கள வீரரான ஹிடெக்குட்டி, வழக்கமான இடத்தில் நிற்காமல் பின்னுக்கு இறங்கி ஆடியதால், அவரைத் தொடர்ந்து செல்வதா, காவலிடத்திலேயே நிற்பதா என்று தெரியாமல் இங்கிலாந்தின் தற்காப்பு குலைந்தது. ஹிடெக்குட்டி மூன்று கோல் அடித்தார். அன்று பெனால்டியில் ஒரு கோல் அடித்த ராம்சே, அந்தக் குலைவை உள்ளிருந்து கண்டவர்.

1955-இல் இப்ஸ்விச் டவுன் அணியின் பொறுப்பேற்ற அவர், அதே தடுமாற்றத்தை எதிரணிகளின் ஃபுல் பேக்குகளுக்கு உண்டாக்கினார். இடப்புற விங்கரான ஜிம்மி லெட்பெட்டர் அவரைப் போலவே வேகமற்றவர். ஆகவே லெட்பெட்டரை ஓரத்தில் ஓடவிடாமல் பின்னே நிறுத்தி, மறிக்க வந்த ஃபுல் பேக் விட்டுவந்த வெற்றிடத்துக்கு அவர் அனுப்பும் பந்தை ரே கிராஃபோர்டும் டெட் ஃபிலிப்ஸும் கோலாக்கும்படி ஆட்டத்தை அமைத்தார். மூன்றாம் நிலைப் பிரிவிலிருந்து படிப்படியாக மேலேறிய அணி, முதல் பிரிவில் ஆடிய முதல் பருவத்திலேயே, 1961-62-இல், பட்டம் வென்றது. அந்த இருவர் மட்டும் 61 லீக் கோல்கள் அடித்தனர். பெரும்பணம் இல்லாத ஒரு சிறு நகர அணியின் இச்சாதனை, உலகக் கோப்பை வெற்றிக்குச் சற்றும் குறைந்ததன்று.

இந்த உத்திக்கு மாற்று கண்டவர், டாட்டன்ஹாமில் ராம்சேயின் சக ஆட்டக்காரராக இருந்து, பின்னர் அவ்வணியின் பயிற்சியாளரான பில் நிக்கல்சனே. 1962 ஆகஸ்டில் இப்ஸ்விச்சுக்கு எதிரான சேரிட்டி ஷீல்டு ஆட்டத்தில், பின்னே நிற்கும் விங்கர்களைத் தம் நடுக்கள வீரர்களிடம் ஒப்படைத்துவிட்டு, ஃபுல் பேக்குகளை உள்ளே நிறுத்தி, டாட்டன்ஹாம் 5-1 என வென்றது.

1966 உலகக் கோப்பையில், இங்கிலாந்தின் பயிற்சியாளராக, ராம்சே முதல் சுற்றின் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு விங்கரை முயன்றுபார்த்தபின், காலிறுதி முதல் விங்கர்களே இல்லாமல் ஆடவைத்தார். விங்கர் ஆட்டத்தின் அழகை அவர் ஒழித்துவிட்டார் என்ற குற்றச்சாட்டு அவரைக் கடைசிவரை தொடர்ந்தது. அது ஓரளவுதான் நியாயமானது. ஓரங்கள் அழியவில்லை, அங்கே நிலையாக ஒருவர் நிற்பது மட்டுமே நின்றுபோயிற்று.

இதைக் கண்ணால் காண விரும்புவோர், மேற்கு ஜெர்மனிக்கு எதிரான இறுதியாட்டத்தின் கூடுதல் நேரத்தில் விழுந்த இங்கிலாந்தின் மூன்றாம் கோலைப் பார்க்கலாம். ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கோட்டைக் கடந்ததா என்ற வாதத்தைச் சற்றே ஒதுக்கிவிட்டு, காட்சியைச் சில நொடிகள் முன்னிருந்து தொடங்க வேண்டும். நாபி ஸ்டைல்ஸ் வலது ஓரத்தை நோக்கிப் பந்தை நீளமாக அனுப்ப, நடுக்கள வீரரான ஆலன் பால், அத்தனை நேரம் ஆடிய பிறகும், அதைத் துரத்திச் சென்று முதல் தொடுதலிலேயே ஹர்ஸ்டுக்கு அனுப்புகிறார்.