சாரிசார்டை எடைபோடுதல்

ஜொகூர் பாருவில் போக்கிமோன் அட்டை ஆடுகிறவர்கள் 2023இல் வந்த சாரிசார்ட் இஎக்ஸை எடைபோடுவதைப் பார்ப்பதே ஒரு ருசி. 330 உயிர்ப்புள்ளி. பரிணமித்த கணமே சீட்டுக்கட்டிலிருந்து மூன்று தீ எனர்ஜி வரை தேடிப் பொருத்தலாம். (இத்தனைக்கும் இந்த அட்டை இருள் வகை!) அடி 180, எதிராளி எடுத்த ஒவ்வொரு பரிசு அட்டைக்கும் 30 கூடும். தோற்கத் தோற்க மூர்க்கம் ஏறுகிற பிராணி.

ஆனால் அது வீழ்ந்தால் எதிராளிக்கு இரண்டு பரிசு அட்டை. முதலில் ஆறையும் எடுத்தவர் வென்றார். 2025இல் வந்த மெகா இஎக்ஸ்கள் மூன்றைக் கொடுத்துவிடும். இரண்டு சாய்ந்தாலே ஆட்டம் போச்சு. பலத்தோடு இந்த இழப்பையும் கூட்டிப் பார்ப்பவரே என் கணக்கில் ஆட்டக்காரர். பரிணாமத்தின் நடுக்கட்டத்தைத் தாண்டவைக்கும் ரேர் கேண்டி அட்டை இல்லாமல் சாரிசார்டை நம்பி உட்காராதீர்கள்.