இவான் கண்ட விருந்தினன்

மனம் பிறழ்ந்த மாந்தரைப் படைக்கப் புகும் புதின ஆசிரியர்க்கு இரண்டு இடர்கள் உள. நோயின் இயல்பை அறியாது எழுதின் பாத்திரம் பொய்யாகும். அறிந்த அனைத்தையும் எழுதின் அது மருத்துவமனைக் குறிப்பாகச் சுருங்கும். இவ்விரண்டினின்றும் தப்பிய படைப்புக்கு ஓர் எடுத்துக்காட்டாகத் தாஸ்தாயெவ்ஸ்கியின் ‘கரமாசோவ் சகோதரர்கள்’ (1879–80) என்னும் புதினத்தில் வரும் இவானை ஈண்டு ஆராய்வோம்.

நோயை அறிதற்குத் தாஸ்தாயெவ்ஸ்கி மேற்கொண்ட முயற்சி சிறிதன்று. 1840களில் மருத்துவர் யானோவ்ஸ்கியிடமிருந்து மூளை, நரம்பு, மனம் ஆகியவற்றின் நோய்களைப் பற்றிய நூல்களை வாங்கிப் பயின்றார். 1850 முதல் 1854 வரை ஓம்ஸ்க் நகரச் சிறையில் கொலைஞரோடு வாழ்ந்தார். வலிப்பு நோயைத் தம் உடம்பிலேயே அறிந்தார். இவ்வளவும் போதா எனக் கருதினார் போலும். இவானின் முன் சாத்தான் தோன்றும் இயலை எழுதியபோது, மருத்துவர் ஒருவர்க்கு மேற்பட்டோரிடம் கருத்துக் கேட்டதாக 1880 ஆகஸ்டில் இதழாசிரியர் லியுபீமொவுக்கு மடல் வரைந்தார். கடுங்காய்ச்சல் பற்றுமுன் இத்தகைய பொய்த்தோற்றங்கள் எழக்கூடும் என்பதே அவர்கள் அளித்த விடை.

இவ்வாராய்ச்சியின் பயனைப் புதினத்தில் தெளிவாகக் காண்கின்றோம். தோற்றங்கள் எழுதல் இயல்பே என்றும், உடனே மருத்துவம் வேண்டும் என்றும் மாஸ்கோ மருத்துவர் இவானிடம் முன்பே கூறுகின்றார். இவான் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஈரத்துணியைத் தலையில் வைத்ததாக அவன் நினைக்கின்றான். பின்னர்ப் பார்க்குங்கால் துணி மடிப்புக் குலையாமல் உலர்ந்திருக்கின்றது. விருந்தினன்மேல் எறிந்த கண்ணாடிக் குவளையோ மேசைமேல் வைத்தபடியே உள்ளது. நோயின் பெயரைச் சொல்லாமலே நோயை மெய்ப்பிக்கும் சான்றுகள் இவை.

ஆயினும், மருத்துவர்கள் சொல்லியிருக்க இயலாத ஒன்று உண்டு. வந்தவன் கொம்பும் கனலும் உடைய சாத்தானாக வரவில்லை. பழம்பாணி உடையணிந்த, நொடித்துப்போன செல்வனாக வருகின்றான். அவன் கூறும் கதை, பதினேழாம் அகவையில் இவான் தானே புனைந்து மறந்துவிட்ட கதை. இறவாமை இல்லையெனின் எல்லாம் செய்யத் தக்கனவே என்னும் இவானின் கொள்கைதான் ஸ்மெர்தியாக்கோவின் கையில் தந்தைக் கொலையாக முடிந்தது. அக்கொள்கை மலிந்த உருக்கொண்டு எதிரே அமர்ந்து பேசுவதை இவானால் பொறுக்க இயலவில்லை. தோற்றம் எழக்கூடும் என்பதை மருத்துவம் உறுதி செய்தது. அது யாராய் எழும் என்பதைக் குற்ற உணர்வே முடிவு செய்தது.

மருத்துவரை நாடிய ஆசிரியரே மருத்துவரை எள்ளவும் செய்தாரே என வினவலாம். மித்யாவின் வழக்கில் மூன்று மருத்துவர்கள் சான்று கூறுகின்றனர். அவன் நேரே நோக்கியபடி மன்றத்துள் நுழைந்தான். மகளிர் அமர்ந்த இடப்புறம் நோக்கியிருக்க வேண்டும் என்கிறார் ஒருவர். வழக்கறிஞர் இருந்த வலப்புறம் என்கிறார் மற்றவர். நடுவரை நேரே நோக்கியதே அறிவுடைமை என்கிறார் மூன்றாமவர். ஈண்டு எள்ளப்படுவது மருத்துவ அறிவன்று. ஒரு புறக்குறியைக் கொண்டு மனிதனை முழுதும் அளந்துவிட்டதாகக் கொள்ளும் துணிபேயாம்.

அத்துணிபின் விளைவு அதே மன்றத்தில் வெளிப்படுகின்றது. இவான் மூவாயிரம் ரூபிளை எடுத்து வைத்து, கொன்றவன் ஸ்மெர்தியாக்கோவ், தூண்டியவன் தான் என உண்மையைச் சொல்கின்றான். ஆனால், தன் சான்றாளன் வாலுடையவன் என்றும் உளறுகின்றான். பித்தன் என அவனை வெளியே கொண்டு செல்கின்றனர். குற்றமற்ற மித்யா தண்டனை பெறுகின்றான். நோயாளி என்ற ஒரு சொல் உண்மையின் வாயை அடைத்துவிடுகின்றது.

திறனாய்வாளராகிய நமக்கும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. 1928இல் வெளிவந்த கட்டுரையில் பிராய்டு, தந்தைக் கொலை என்னும் கருவை ஆசிரியரின் வாழ்வோடும் வலிப்பு நோயோடும் இணைத்து விளக்கினார். அவ்விளக்கம் ஆழமுடையதே. எனினும், தம் நோயை ஸ்மெர்தியாக்கோவுக்கு அளித்த ஆசிரியர், அவன் வலிப்பு வந்ததுபோல் நடித்துக் கொலைப்பழியினின்று ஒதுங்குமாறும் அமைத்தார் என்பதை நாம் மறத்தலாகாது. தாம் பட்ட துன்பம் அவர் கையில் கதைக்குரிய கருவியாயிற்று. அவர் அதற்கு அடிமையாகவில்லை. பாத்திரங்களுக்கு நோய்ப்பெயர் சூட்டி அமைதியுறும் திறனாய்வு, இவானை வெளியேற்றிய மன்றத்தின் பிழையையே மீண்டும் செய்வதாகும். நோயை அறிந்த பின்னரும் அவன் சொல்வதைச் செவிமடுத்தலே புதின ஆசிரியர்க்கும் திறனாய்வாளர்க்கும் உரிய கடன் என்பது எம் கருத்து.