பன்முகத்தன்மையும் பன்னிரண்டில் ஒன்றும்

'பொதுப்பணியில் பன்முகத்தன்மை' என்பது பாடத்தின் பெயர். ஒரு பல்கலைக்கழகத்தின் பகுதிநேர இணையவழிப் படிப்பில் ஞாயிறுதோறும் அதை நடத்துகிறேன். எனக்கும் அங்கே நிரந்தரம் கிடையாது, மணிக்கணக்கில்தான் கூலி. திரை முழுக்கக் கறுப்புச் சதுரங்கள், ஒவ்வொன்றிலும் பெயரின் முதலெழுத்து மட்டும். கேமராவைத் திறந்தால் டேட்டா தீர்ந்துபோகும், வீடும் தெரிந்துபோகும். இராயபுரத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் படிக்கிறவர்களை நான் முகம் பார்த்ததில்லை.

பாடநூலை ஒரு பிரதியாக வாசித்தால் முதலில் படுவது அதன் வினைச்சொற்கள். மதிக்க வேண்டும், புரிந்துகொள்ள வேண்டும், அரவணைக்க வேண்டும். யார்? ஏற்கனவே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். மற்றவர்கள் அவருடைய நற்பண்பின் செயப்படுபொருள்கள். சாதி என்ற சொல் வராமலில்லை. மதம், மொழி, பாலினம், உடல்நிலை என்ற வரிசையில் இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே அது அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது. அதிகாரம் பற்றிய ஒரு கேள்வி இங்கே நடத்தை பற்றிய அறிவுரையாகச் சுருங்கிவிடுகிறது.

நம்மிடம் வேறொரு சொல் இருந்தது: வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம். 1921இல் நீதிக்கட்சி அரசு அதற்கான ஆணையைப் போட்டது. 1928இல் முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது அது கறாரான சுழற்சியாயிற்று. பன்னிரண்டு இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு ஐந்து, பிராமணர்களுக்கு இரண்டு, முஸ்லிம்களுக்கு இரண்டு, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறிஸ்தவர்களுக்கு இரண்டு, தாழ்த்தப்பட்டோருக்கு ஒன்று. 1951இல் உச்சநீதிமன்றம் வகுப்புவாரி ஆணை செல்லாது என்றது. தெருவில் கிளர்ச்சி நடந்தது. அதே ஆண்டு அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. இங்கே அரவணைப்பு எதுவுமில்லை, கணக்குத்தான் இருக்கிறது. கணக்கைத் தட்டிக் கேட்கலாம். அரவணைப்பைத் தட்டிக் கேட்க முடியுமா?

அதற்காகக் கணக்கைக் கும்பிடச் சொல்லவில்லை. பன்னிரண்டில் ஒன்று என்பதும் ஒரு தீர்ப்புத்தான். ஆணை வந்த அதே 1921இல்தான் பி அண்ட் சி மில் வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்ப, வேலைநிறுத்தம் சாதிச் சண்டையாகி, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. எம்.சி. ராஜா 1923இல் நீதிக்கட்சியை விட்டு வெளியேறினார். 'பிராமணரல்லாதார்' என்ற ஒற்றை அடையாளம் யாரை உள்ளே வைத்தது, யாரை வாசலில் நிறுத்தியது என்பதை வடசென்னை அப்போதே பார்த்துவிட்டது.

ஒரு ஞாயிறு, 'பிரதிநிதித்துவக் குறைபாடு' என்ற பகுதியை நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு சதுரம் பேசியது: "சார், எங்கம்மா குப்ப வண்டி தள்ளுற எடத்துல கிட்டத்தட்ட எல்லாமே நம்ம ஆளுங்கதான். அதுக்கு யாரும் கோட்டா கேட்டதே இல்ல. அதுவும் பொதுப்பணிதான? அங்க பன்முகத்தன்ம வேணாமா?"

பாடநூலில் இதற்குப் பதில் இல்லை, இருக்கவும் முடியாது. மேலே போகப்போகப் பன்முகம் குறைவதைக் குறை என்று அது கணக்கெடுக்கிறது. அடியில் ஒரே முகமாக இருப்பது அதன் கண்ணுக்கே படுவதில்லை. இந்த மௌனத்தின் மேல்தான் பாடம் கட்டப்பட்டிருக்கிறது.

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தவர்களை நினைத்துக்கொள்வோம். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவு வேலை தனியாரிடம் போனபோது, சுமார் 23,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த சம்பளம் 16,000 சொச்சத்துக்கு இறங்கும் என்றார்கள். பெரும்பாலும் பெண்கள். பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். உயர்நீதிமன்ற உத்தரவு வந்த 13ஆம் தேதியே, நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. தொழிற்சங்கத் தலைவரான திரு.வி.க.வின் பெயர் தாங்கிய மண்டலத்தில்தான் இது.

69 விழுக்காட்டைக் காப்பாற்ற 1993இல் சட்டம் செய்து, 1994இல் அதை ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்க வைத்த மாநிலம் இது. ஆனால் விழுக்காடு போட ஒரு பதவி வேண்டுமே. வேலை ஒப்பந்ததாரரிடம் போய்விட்டால், இடஒதுக்கீட்டை யாரும் ரத்து செய்யத் தேவையில்லை. அது நிற்க இடமில்லாமல் தானாகக் கரைந்துபோகும். பதவி காணாமல் போகிற காலத்தில்தான் பன்முகத்தன்மை பாடமாக வருகிறது. இது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

பணி நிரந்தரம் கேட்பது சாதித் தொழிலை நிரந்தரமாக்குவதாகாதா என்ற கேள்வி அப்போது எழுந்தது. கேள்வி பொய்யானதல்ல. ஆனால் ஒப்பந்தத்திலும் அதே அம்மாக்கள்தானே துடைப்பம் பிடிக்கிறார்கள்? மாறியது கூலிதான், சாதி அல்ல. அந்த அம்மாவின் பிள்ளை வேறு வேலைக்குப் போவதற்குப் பீஸ் கட்டுவது இந்தச் சம்பளம்தான். விடுதலையின் பெயரால் அதைப் பறிப்பது என்ன விடுதலை?

அடுத்த ஞாயிறு பாடநூலை மூடிவைத்தேன். உங்கள் தெருவைக் கூட்டுகிறவருக்குச் சம்பளம் தருவது யார், எவ்வளவு, எத்தனை வருடமாக என்று விசாரித்து எழுதிவரச் சொன்னேன். இதற்கு மதிப்பெண் போடப் படிவத்தில் கட்டம் இல்லை. ஆனாலும் எழுதி அனுப்பினார்கள். கேள்வி கேட்ட அந்தச் சதுரம் அன்றைக்குக் கேமராவைத் திறந்தது. பின்னால், வேலை முடிந்து வந்த களைப்பில் ஓர் அம்மா தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.