கற்படுக்கையில் ஒரு கேள்வி: புதுக்கோட்டையில் ஊழும் முயற்சியும்

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அறிவர் கோயிலின் தாமரைக்குள ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே குன்றில் ஏழடிப்பட்டம் இருக்கிறது. பாறைச் சரிவில் வெட்டிய ஏழு படிக்குழிகளில் கால் பதித்துக் கடந்தால் ஒரு குகை. அதற்குள் 17 கற்படுக்கைகள். வழவழப்பாகத் தேய்த்த பாறை, ஓர் ஆள் புரள முடியாத அகலம், தலைமாட்டில் தலையணைபோலச் சிறு மேடு. இவற்றில் ஒரு பழைய படுக்கையை ஒட்டி, கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்த தமிழி எழுத்து உள்ளது. மனிதருக்குத் தன்விருப்பம் உண்டா என்ற கேள்வியை நம் மண்ணில் தொட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் அறியேன்.

இங்கே படுத்தவர்கள் யார்? ஐராவதம் மகாதேவன் உள்ளிட்ட கல்வெட்டு அறிஞர்கள் சமணர் என்றார்கள். பேராசிரியர் க. நெடுஞ்செழியன் ஆசீவகர் என்று வாதிட்டார். அய்யனார் வழிபாட்டின் வேரையும் ஆசீவகத்தில் தேடினார். இந்த விவாதம் பெரும்பாலும் வரலாற்று உரிமையைப் பற்றியதாகவே நடந்துவருகிறது. அதன் அடியில் கிடக்கும் தத்துவக் கேள்வி அதைவிடப் பெரியது.

ஆசீவகரின் நூல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. மறுத்தவர்களின் எழுத்து வழியாகவே அவர்களை அறிகிறோம். மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார் ஆகிய மூன்றும் அவர்களோடு வாதிடுகின்றன. 1951இல் ஆசீவகத்தைப் பற்றி விரிவான நூல் எழுதிய ஏ. எல். பாஷமும் இந்தத் தமிழ்ச் சான்றுகளைப் பெரிதும் பயன்படுத்திக்கொண்டார். அவர்கள் கொள்கையின் மையம் நியதி. உருட்டிவிட்ட நூற்பந்து நூல் தீரும்வரை பிரிவதுபோல, ஒவ்வோர் உயிரும் 84 இலட்சம் மகாகற்பங்கள் உழன்றே விடுபடும். முயற்சி அதைச் சுருக்காது, சோம்பல் அதை நீட்டாது. பௌத்தரின் பாலி நூல் ஆசீவகரின் ஆசானான மற்கலி கோசாலர் பெயரில் தரும் கருத்து இது.

சமணம் இதற்கு நேரெதிர். வினை என்பது உயிரில் வந்து ஒட்டும் நுண்பொருள். அது வருவது ஊற்று, வராமல் தடுப்பது செறிப்பு, ஒட்டியதைத் தவத்தால் கழிப்பது உதிர்ப்பு. இம்மூன்றில் பின்னிரண்டும் மனிதன் கையில் இருப்பவை.

இரு தரப்பும் மோதும் காட்சி ஒன்று சமண ஆகமமான உவாசகதசாவில் வருகிறது. சத்தாலபுத்தன் என்ற குயவன் ஆசீவகன். வெயிலில் காயும் அவன் பானைகளைக் காட்டி மகாவீரர் கேட்கிறார்: இவற்றை ஒருவன் உடைத்தால் என்ன செய்வாய்? அடிப்பேன், தண்டிப்பேன் என்கிறான் குயவன். எல்லாம் நியதி என்றால் உடைத்தவன்மேல் கோபம் எதற்கு என்கிறார் மகாவீரர். மண்குதிரை வனையும் வேளார்களின் மாவட்டத்தில் இந்தக் கதை எளிதாகப் புரியும். 1962இல் ஆங்கிலேயத் தத்துவவாதி பி. எஃப். ஸ்ட்ராசன் வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்: கோபமும் நன்றியும் மன்னிப்பும் மனித உறவின் இழைகள், எந்தக் கோட்பாட்டுக்காகவும் அவற்றை நாம் கழற்றி வைத்துவிட முடியாது.

ஆனால் என் கோபமும் நியதியே என்று குயவன் சொல்லியிருந்தால்? அதை யாரும் எளிதில் மறுக்க முடியாது. ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினைக்கு ஓர் அதிகாரமும் வைத்த வள்ளுவர் இந்தச் சிக்கலை நன்றாக அறிந்தவர்.

புதுக்கோட்டையில் இக்கேள்வி இன்னொரு முறை திசை மாறியது. 1738இல் புதுக்கோட்டை மன்னர் விஜயரகுநாதத் தொண்டைமான் சதாசிவப் பிரம்மேந்திரரைச் சந்தித்தார் என்கிறது சமஸ்தான மரபு. மௌனத்தில் இருந்த துறவி உபதேசத்தை மணலில் எழுதினார். மன்னர் அந்த மணலை அள்ளிச் சென்று அரண்மனையில் பூசையில் வைத்தார். பதஞ்சலி யோகசூத்திரத்துக்கு உரை எழுதியவர் பிரம்மேந்திரர். அவருடைய அத்வைத நோக்கில் மனம் அறியப்படும் பொருள், அறிபவன் வேறு. ‘நான் செய்கிறேன்’ என்ற எண்ணமும் மனத்தின் ஓர் அலைதான். செய்பவன் சுதந்திரமானவனா என்று கேட்பதற்கு முன், செய்பவன் என்று ஒருவன் இருக்கிறானா என்று பார்க்கச் சொல்கிறது இந்த மரபு.

இன்றைய ஆய்வகத்தின் கேள்வி குறுகலானது. 1983இல் நரம்பியலாளர் பெஞ்சமின் லிபெட், சோதனைக்கு வந்தவர்களை விரும்பியபோது கையை அசைக்கச் சொல்லி மூளையின் மின்னலைகளைப் பதிந்தார். அசைவுக்குச் சுமார் 550 மில்லிநொடி முன்பே மூளையில் ஆயத்தம் தொடங்கியது. அசைக்க வேண்டும் என்ற உணர்வோ 200 மில்லிநொடி முன்புதான் வந்தது. தன்விருப்பம் மாயை என்று பலர் முடிவு கட்டினார்கள். லிபெட் அப்படிச் சொல்லவில்லை. கடைசி நொடியில் ‘வேண்டாம்’ என்று தடுக்கும் ஆற்றல் நமக்கு உண்டு என்றார். 2012இல் ஆரன் ஷர்கரும் அவருடைய குழுவினரும் அந்த ஆயத்த அலையே மூளையின் தற்செயல் ஏற்ற இறக்கங்கள் சேர்ந்து எல்லையைத் தொடுவதன் விளைவாக இருக்கலாம் என்று காட்டினார்கள்.

லிபெட்டின் ‘வேண்டாம்’ எனக்குச் செறிப்பை நினைவூட்டுகிறது. ஆனால் சமணர் அதை அரை நொடியில் தேடவில்லை. ஆயுள் முழுக்கப் பழகினார்கள். ஆசீவகரும் கடுந்தவம் செய்தவர்களே. முயற்சி பலன் தராது என்றவரும், முயற்சியே கதி என்றவரும் இதே போன்ற கல்லில்தான் படுத்திருப்பார்கள். அதனால்தான் இன்றுவரை படுக்கையைப் பார்த்துக் கொள்கையைச் சொல்ல முடியவில்லை. விடுதலையை நான் தீர்மானம் பிறக்கும் கணத்தில் தேடமாட்டேன், பழக்கத்தில் தேடுவேன். ஒருவர் எதை நம்பினார் என்பதைவிட, ஒவ்வோர் இரவும் எங்கே தலை சாய்த்தார் என்பதே அவரை உருவாக்கியிருக்கும்.

குகையில் அந்தத் தலைமாட்டு மேட்டைக் கையால் தடவினேன். கல் குளிர்ந்திருந்தது, வழவழப்பு இன்னும் போகவில்லை.