பிட்ஸ் எஸ்-1: தனி இருக்கையில் முதல் பறப்பு

ஃபுளோரிடாவில் கர்ட்டிஸ் பிட்ஸ் 1940களில் வடிவமைத்த பிட்ஸ் எஸ்-1, வான்சாகசத்திற்கென்றே உருவான, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைத் தளங்களைக் கொண்ட சிறு விமானமாகும். 1960களில் இதன் வரைபடங்கள் ஆர்வலர்களுக்குக் கிடைக்கத் தொடங்கிய பின்னர், எஃகுக் குழாய்களைப் பற்றவைத்து உடற்கூட்டையும், மரச்சட்டங்களின்மீது துணி போர்த்தி இறக்கைகளையும் பலர் தம் சொந்தப் பட்டறைகளிலேயே அமைத்துக்கொண்டனர். இருக்கை ஒன்றே என்பதால் பயிற்றுநர் உடன்வர இயலாது. முதல் பறப்பே தனிப் பறப்பாகிவிடும் இந்நிலையை மனத்தில் கொண்டே இதன் குணங்களை மதிப்பிட வேண்டும்.

இவ்வகையில் புகழ்பெற்ற எஸ்-1எஸ் வடிவத்தின் இறக்கை அகலம் ஏறத்தாழ 17 அடி. விமானியோடும் எரிபொருளோடும் சேர்ந்த உச்ச எடை சுமார் 520 கிலோ. பயிற்சிப் பள்ளிகளில் பரவலாகக் காணப்படும் செஸ்னா 172எஸ் இதைப்போல் இருமடங்குக்கும் மிகுந்த எடையைச் சுமக்கப் பயன்படுத்தும் அதே 180 குதிரைத்திறன் இங்கே உள்ளதால், தரையை விட்டெழுவது சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. இறக்கையின் பின்விளிம்பில் அசைந்து விமானத்தைப் பக்கவாட்டில் உருட்டும் ஏலரான்கள் நான்கு இருப்பதால், முழுச் சுற்று உருள ஏறத்தாழ இரண்டு நொடிகளே போதும். இறக்கையின் மேற்புறமும் கீழ்ப்புறமும் ஒரே வளைவுடையவை. எனவே தலைகீழாகப் பறக்கும்போதும், நேராகப் பறக்கும்போது போலவே இறக்கை விமானத்தைத் தாங்குகிறது. கீழ்ப்புறம் தட்டையான பழைய எஸ்-1சி வடிவத்திலோ, தலைகீழ் நிலையில் மூக்கு தாழாதிருக்கக் கட்டுப்பாட்டுத் தண்டை மேலும் முன்னே தள்ளவேண்டும். கையின் சிறு அசைவுக்கும் தயக்கமின்றி இணங்கும் இந்த இயல்பே 1972 உலக வான்சாகசப் போட்டியில் அமெரிக்க அணியின் வெற்றிக்குத் துணைநின்றது. அழகுக்காக மட்டுமன்றி இதற்காகவும் இவ்விமானம் போற்றத்தக்கது.

உண்மையான சோதனை இறங்கும்போதுதான் தொடங்குகிறது. மூக்கு ஓடுதளத்தை முற்றிலும் மறைத்துவிடுவதால், விமானி வளைந்து அணுகியோ, ஒரு பக்கம் சாய்த்துச் சறுக்கவிட்டோ தளத்தைக் கண்ணில் வைத்திருக்கவேண்டும். விசையைக் குறைத்ததும் கடுஞ்சரிவில் தாழ்வது புதியவரைத் திடுக்கிடச் செய்யும். தரை தொட்ட பின்னரும் கால்கள் ஓய்வதற்கில்லை. எடைமையம் முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் அமைந்திருப்பதால், சிறிது திரும்பினாலும் அத்திருப்பம் தானே வளர்ந்து விமானத்தைச் சுழற்றிவிடும். சுக்கான் மிதிகளில் நுண்ணிய, இடைவிடாத திருத்தங்களே அதைத் தடுக்கும்.

இரு இருக்கை கொண்ட எஸ்-2 விமானத்தில், பின்னிருக்கையில் அமர்ந்து பயிற்றுநருடன் பலமுறை இறங்கிப் பழகாதவர் எஸ்-1இல் ஏறுவது தகாது. எஸ்-1 விமானங்கள் பலவும் வெவ்வேறு கைகளால் கட்டப்பட்டவையாதலின், சக்கரங்களின் நேர்த்தன்மையையும் இறக்கைக் கம்பிகளின் இழுவிசையையும் அந்தந்த விமானத்திலேயே சரிபார்த்தாகவேண்டும். முதல் இறக்கத்திற்குக் குறுக்குக்காற்றில்லாத நாளும் அகன்ற புல்தரையும் ஏற்றவை. தார்த்தளம்போல் டயரை இறுகப் பற்றாமல் புல் சிறிது வழுக்கவிடுவதால், சக்கரம் கோணலாகத் தொட்டாலும் திருத்திக்கொள்ளச் சற்று அவகாசம் கிடைக்கிறது.